ஐயம் இல்லாத உரை

ஏற்காடு
12 அக்டோபர் 2024

அன்புள்ள பிரபாகர் அவர்களுக்கு,

நம் நூலின் நான்காம் அதிகாரத்தின் கையெழுத்துப் படியை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்பு, ‘அமெரிக்கக் கவிதையில் கதவும் சன்னலும்.’ சரிதானா என்று தெரியவில்லை. ‘வீடு’ என்று மட்டும் வைத்திருக்கலாமோ?

நாம் பொறுக்கி எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதைகளில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கிற கவிதைகள். வெளியே எப்போதும் குளிர். உள்ளே ஒரே ஒருவர். யாரோ வருகிறார்கள், அல்லது வரப்போகிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் மரணம், சில இடங்களில் கடவுள். ஓரிரு கவிதைகளில் இரண்டில் எது என்று கவிஞருக்கே தெரியவில்லை. அதைத்தான் எழுதியிருக்கிறேன். வழக்கம்போல ஒவ்வொரு கவிதைக்கும் பதவுரை, கருத்துரை, கடைசியில் ஐயம். சேலத்துக் கல்லூரியில் அஞ்சல்வழி மாணவர்களுக்காக நீங்களும் நானும் பாடம் எழுதிய காலத்தில் வைத்துக்கொண்ட முறை. அதை விட்டால் எனக்கு எழுத வராது. இம்முறை ஐயப் பகுதி சற்று நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது இன்னும் மோசமாகிவிட்டது. புதுக் கருவி வாங்கியும் போனில் ஆள் பேசுவது தகரக் கூரையில் மழை விழுவதுபோலத்தான் கேட்கிறது. நீங்கள் கூப்பிட்டு நான் எடுக்காமல் இருந்தால் தவறாக நினைக்க வேண்டாம்.

மன்னிக்கவும். ஊட்டு விசயம், அதாவது வீட்டுக் கதை, எழுதக் கூடாது என்று நீங்கள் போட்ட சட்டத்தை மறந்துவிட்டேன். போன வருடம் உங்கள் மனைவி கலா தவறியபோது, “ஆறுதல் எழுதறதா இருந்தா எழுதவே வேண்டாமுங்க. கவிதை மட்டும் எழுதுங்க, போதும்” என்றீர்கள். மகனோடு அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்தும் இன்னொரு முறை சொன்னீர்கள். நான் அதை மீறியதில்லை. காதைப் பற்றி எழுதியதை, ஏன் கடிதம் எழுதுகிறேன் என்பதற்கான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
தேவசிகாமணி


நியூ ஹாம்ஷயர்
4 நவம்பர் 2024

ஏனுங்க சிகாமணி,

அதிகாரம் வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது. தலைப்பை மாற்றாதீர்கள். மாற்றினால், பழையதே தேவலையோ என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்.

ஒரு குறை மட்டும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு ஐயம். ‘மேற்சொன்னவாறு கொள்ளலாமாயினும் அவ்வாறே கொள்ள வேண்டும் என்பதில்லை.’ இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு உங்களுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது? அந்தக் காலத்தில் பையன்கள் உங்களுக்கு வைத்திருந்த பெயர் தெரியுமா? ‘இருக்கலாம் சார்.’ ஓய்வு பெறும்வரை உங்களிடம் சொல்லாமல் காப்பாற்றினேன். சாவதற்குள் ஒரே ஒரு கவிதைக்காவது ஐயம் இல்லாமல் உரை எழுதுங்கள். ‘ஐயம்: இல்லை’ என்று போடுங்கள். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்கிறேன்.

உரைக்கு உதவும் என்று இங்கே பார்த்ததைச் சொல்கிறேன். இலை முழுக்கக் கொட்டிவிட்டது. வாசல் கதவுகள் எல்லாம் சாத்தியே இருக்கின்றன. தெருவில் யாரும் நடப்பதில்லை. நான் ஒருவன்தான். நேற்று ஓர் அம்மாள் காரை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, நடக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. வீடுவரை காரிலேயே பின்னால் வந்து, நான் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். விஜயகுமாரும் மருமகளும் விடியும் முன் வேலைக்குப் போனால் இருட்டியபின் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தக் கவிதைகளில் ஏன் ஒரே ஒருவர் மட்டும் வீட்டுக்குள் இருக்கிறார் என்பதற்கு நாம் வகுப்பில் எவ்வளவு தத்துவம் சொன்னோம். ஆன்மாவின் தனிமை, கடவுள் முன் நிற்கும் தனி மனிதன், இன்னும் என்னென்னவோ. இங்கே வந்து பார்த்தால், வீட்டில் வேறு யாரும் இல்லை. அவ்வளவுதான் விசயம்.

இது களக்குறிப்பு. ஊட்டு விசயம் அல்ல. சட்டம் சட்டம்தான்.

பிரபா


ஏற்காடு
27 நவம்பர் 2024

அன்புள்ள பிரபாகர் அவர்களுக்கு,

உங்கள் களக்குறிப்பை அப்படியே அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை. ‘அண்மைக்காலமாக அங்கு வசிக்கும் அறிஞர் ஒருவர்’ என்று போட்டேன். ‘அறிஞர்’ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

‘இருக்கலாம் சார்’ என்ற பெயர் எனக்கு முன்பே தெரியும். கரும்பலகையில் ஒருமுறை எழுதியிருந்தார்கள். நானே அழித்தேன்.

ஐந்தாம் அதிகாரத்தில் எழுத நினைப்பது இது. நம் அகத்திணை மரபில் நிலம் வரும்போதே பொருளையும் கொண்டு வருகிறது. முல்லை என்றால் காத்திருத்தல், பாலை என்றால் பிரிவு. கவிஞர் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கண்ட காட்டுக்கும் பனிக்கும் பறவைக்கும் அவர்கள் மொழியில் யாரும் முன்பே பொருள் வைத்துத் தரவில்லை. ஒவ்வொரு கவிஞரும் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் ஒருவர் கவிதையில் பறவை நம்பிக்கை, இன்னொருவர் கவிதையில் அதுவே சாவுச் சேதி. திறவுகோலைக் கவிஞர் தன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விடுகிறார். உரைகாரன் வெளியே நின்று பூட்டை ஆராய வேண்டியதுதான். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா என்பது என் ஐயம். அங்கே அவர்களுக்கு முன்பிருந்த மக்கள் அந்தக் காட்டுக்கு வைத்திருந்த பொருளெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்வியும் இருக்கிறது. அதை எழுத எனக்குப் படிப்பு போதாது.

வீட்டில் மரியபுஷ்பம் நேற்று, “ஏனுங்க, அண்ணன் எப்படி இருக்காருன்னு ஒரு வரி கேளுங்களேன்” என்றாள்.

“கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“சொன்னா? நாளைக்கி நாஞ் செத்தாலும் அதுக்கும் பதவுரை எழுதிட்டுத்தான் கண்ணீர் உடுவீங்களா?”

அவள் கேட்டதை எழுதியிருக்கிறேன். நான் கேட்கவில்லை.

அன்புடன்,
தேவசிகாமணி


நியூ ஹாம்ஷயர்
10 டிசம்பர் 2024

ஏனுங்க சிகாமணி,

இந்த ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் பெயர் போடாத கவிதை ஒன்று கண்ணில் பட்டது. ஆண்டு சரியாகத் தெரியவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தியதாக இருக்கலாம். பார்த்தீர்களா, உங்கள் ‘இருக்கலாம்’ எனக்கும் தொற்றிவிட்டது. கட்டை வெளியே கொண்டுபோக விடவில்லை. படியெடுக்கும் இயந்திரமும் பழுது. மனத்தில் வைத்துக்கொண்டு வந்து தமிழில் எழுதினேன். ஆகவே மூலத்தைக் கேட்காதீர்கள்.

வண்டி என்னை இறக்கிவிட்டுப் போனது, மலையின் காலடியில்.
மேகம் எனக்கு முன்னே ஏறிப் போயிருந்தது.
புதர்கள் எல்லாம் ஒரே காலையில் வெள்ளை.
இரண்டு நாள் மணத்தது அந்த வெள்ளை.
மூன்றாம் நாள் துருவின் நிறம்.

நண்பனே, உன் பக்கத்து அறையில்
விறகு அடுக்கி வைத்திருக்கிறாய்.
அதை நகர்த்தச் சொல்லவில்லை.
விறகுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு மனிதன் படுக்கும் அகலம் உண்டா?

நான் கதவைத் தட்டவில்லை.
தட்டினால் நீ திறந்துவிடுவாய்.
திறக்கலாமா என்று நீ யோசிப்பதற்குத்தான்
வெளியே நிற்கிறேன்.

இதை நூலில் சேர்க்கலாமா வேண்டாமா என்பது இருக்கட்டும். உரையை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். பிப்ரவரிக்குள் நான் ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நூலின் அமைப்பைப் பற்றி.

கடைசிப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த நண்பன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை எழுதினால் போதும்.

பிரபா


ஏற்காடு
6 ஜனவரி 2025

அன்புள்ள பிரபாகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. டிசம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததிலிருந்து எல்லாமே தாமதம். பஸ்ஸெல்லாம் சில நாள் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சீக்கிரம் கேட்டிருந்ததால் புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். உரை பின்வருமாறு.

பதவுரை தேவையில்லை. சொற்கள் எளியவை.

கருத்துரை: வெளியே வந்து நிற்பவர் மரணம். வண்டியும் மலையடிவாரமும் வாழ்க்கைப் பயணத்தின் முடிவைக் குறிக்கின்றன. ‘வெள்ளை’ என்பது பனி. ஆனால் பனிக்கு மணம் கிடையாது. அது இரண்டு நாள் மணத்தது என்று கவிஞர் சொல்வதால், பனியின் மேல் சவத்துக்கு இடும் மலர்களின் மணத்தை வேண்டுமென்றே ஏற்றுகிறார் என்று கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் துரு நிறம் என்பது உடலின் அழிவு. விறகு, எரிவதற்காகக் காத்திருக்கும் வாழ்நாட்கள். விறகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மனிதன் படுக்கும் அகலம் என்பது கல்லறைக் குழியின் அளவன்றி வேறில்லை.

கடைசிப் பகுதியே கவிதையின் உயிர். மரணம் இங்கே முரடனாக வரவில்லை, நாகரிகமாக நிற்கிறது. அந்த நண்பன் என்ன செய்வான் என்று கேட்டிருந்தீர்கள். அவன் திறக்க மாட்டான். திறக்கவும் கூடாது. அவனுடைய மௌனமே பதில். வெளியே நிற்பவருக்கும் அது தெரியும். தெரிந்து, மரியாதையாகத் திரும்பிப் போகிறார். கதவு மூடியே இருப்பதில்தான் கவிதை நிறைவடைகிறது.

ஐயம்: இல்லை.

நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை எழுதக் கை தயங்கியது. எழுதியபின் மனம் இலேசாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு கவிதையை முழுக்கப் பிடித்துவிட்டதாகத் தோன்றியது.

கவிதையை மரியபுஷ்பத்துக்கு வாசித்துக் காட்டினேன். “பாவம், குளுர்ல நிக்கறவர உள்ள வரச் சொன்னா என்னவாம்?” என்றாள். அவள் எதையும் நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்வாள். அதை உரையில் சேர்க்கவில்லை.

அன்புடன்,
தேவசிகாமணி


நியூ ஹாம்ஷயர்
30 ஜனவரி 2025

சிகாமணி அவர்களுக்கு,

உரை கிடைத்தது. முழுமையாக இருக்கிறது. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஐயம் வேண்டாம் என்று நானே கேட்டேன். கேட்டது கிடைத்தது.

நூலின் அமைப்பைப் பற்றியும் முடிவு செய்துவிட்டேன். இருக்கிறபடியே இருக்கட்டும்.

குளிர் கடுமையாக இருக்கிறது. மரியபுஷ்பத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

பிரபாகர்


ஏற்காடு
10 மார்ச் 2025

அன்புள்ள பிரபாகர் அவர்களுக்கு,

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் இடையில் அனுப்பிய ஆறாம் அதிகாரம் கிடைத்ததா என்றும் தெரியவில்லை. ரயில் வண்டியைப் பற்றியது. அந்தக் காலத்துக் கவிஞர்களில் சிலர் அதை வளர்ப்பு மிருகம்போலப் பார்த்தார்கள், சிலர் காட்டைத் தின்ன வந்த மிருகம்போலப் பார்த்தார்கள் என்பதைப் பற்றி எழுதியிருந்தேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தைப் பலமுறை எடுத்துப் படித்துவிட்டேன். அதில் ‘ஏனுங்க’ இல்லை. கேலியும் இல்லை. முழுப்பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். உரையில் ஏதோ பெரிய பிழை செய்திருக்கிறேன், சொல்ல மனம் இல்லாமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ‘வெள்ளை’யைப் பற்றி இப்போது எனக்கே நிச்சயம் இல்லை. மூலம் கையில் இல்லாமல் இதை முடிக்க முடியாது. நூலகத்தில் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க முடியுமா? ஆங்கிலத்தில் முதல் இரண்டு வரி போதும்.

விஜயகுமாருக்குப் போன் போடச் சொல்லி மரியபுஷ்பம் நச்சரிக்கிறாள். அவளே போட்டாள். எடுக்கவில்லை. நம்பர் மாறிவிட்டதோ என்னவோ. சட்டத்தை மீறுவதாக நினைக்காவிட்டால், நலமா என்று ஒரு வரி எழுதவும்.

அன்புடன்,
தேவசிகாமணி


ஏற்காடு
9 ஏப்ரல் 2025

பிரபா,

நேற்று மஞ்சக்குட்டைக்குப் போனேன். உங்கள் தம்பி வேலுசாமியிடம் கேட்டால் ஏதாவது தெரியும் என்று, ஷேர் ஜீப்பில் தனியாகப் போனேன். களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். காதருகில் வந்து சத்தமாகப் பேசினார்.

“அண்ணன் டிசம்பர்ல போன் பண்ணுச்சுங்க. நா ஊருக்கே வந்தர்றேன், மார்ச்சுக்குள்ள வந்துருவேன்னுச்சு. எங்கூட்ல வந்து இருன்னேன். அங்க புஸ்தகம் பேச ஆளில்லடா, நா சிகாமணி ஊட்ல இருந்துக்கறேன், கேட்டு எழுதியிருக்கறேன்னுச்சு.”

“என்னய கேக்கவே இல்லீங்களே.”

“கேட்டேன்னு சொல்லுச்சுங்க. அப்பறம் ஜனவரி கடசீல, அவுங்களுக்கு எடமில்லடா வேலு, நா வல்லேன்னுச்சு. அதுக்கப்பறம் போனே இல்லீங்க. எனக்கு உங்க மேல கொஞ்சம் கோவம்ங்க. இப்ப நீங்களே வந்து நிக்கறீங்க, கோவப்படவும் முடியல.”

காதில் தவறாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னார்.

திரும்பி வரும்போது ஜீப் பாதி வழியில் நின்றது. ரோட்டில் காட்டெருமைகள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். இருபுறமும் எஸ்டேட். பத்து நாளைக்கு முன் பெய்த மழைக்குக் காப்பி முழுக்கப் பூத்திருந்தது. செடிகள் எல்லாம் ஒரே வெள்ளை. மணம் ஜீப்புக்குள் வந்து நிறைந்தது. எனக்குப் பக்கத்தில் ராசாத்தி என்று ஒரு பெண், தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்தவளிடம் சொன்னாள். காது கருவியில் அது மட்டும் தெளிவாக விழுந்தது.

“என்னா வாசம் பாரு. நாளைக்கி வரைக்குந்தான். அதுக்கப்பறம் துரு புடிச்ச மாதிரி ஆயிரும்.”

நான் அங்கேயே இறங்கிவிட்டேன். டிரைவர், “ஏனுங்க ஐயா, மாடு நிக்குதுங்க, ஏறுங்க” என்று கத்தியிருக்க வேண்டும். யாரோ கையைப் பிடித்து ஏற்றினார்கள்.

பிரபா, இந்த மலையில் நான் எழுபது வருடம் வாழ்ந்திருக்கிறேன். எழுபது முறை இது பூத்திருக்கிறது. வெண்பனியை ஒருமுறைகூடப் பார்க்காதவன், பனிக்கு மணம் இல்லை என்று எழுதி, அதற்கு மேல் சவத்து மலர்களை வைத்து, உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பக்கத்து அறையைத் திறந்தேன். விறகுதான். வெந்நீருக்கு என்று சில்வர் ஓக் கிளைகளை வெட்டி அடுக்கிய விறகு. தினமும் காலையில் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறேன். உரை எழுதிய அன்றும் எடுத்திருப்பேன்.

நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை. அதுதான் நடந்தது. நான் மறுக்கவில்லை.

வாருங்கள். விறகைத் தாழ்வாரத்துக்கு மாற்றியாயிற்று. முனியப்பன் வந்து சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறான். மரியபுஷ்பம் கட்டில் வாங்க இன்று சேலத்துக்கு இறங்கியிருக்கிறாள். “அவரு எளுதுனது கவிதன்னு உங்குளுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டாள். “அவர்தான் சொன்னார்” என்றேன். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வாருங்கள்.

சிகாமணி


நியூ ஹாம்ஷயர்
4 மே 2025

ஏனுங்க சிகாமணி,

கையெழுத்து கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி நடுவில் வாசற்படியில் உறைபனி வழுக்கி விழுந்துவிட்டேன். இடுப்பெலும்பு. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பின் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரி. இப்போது முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இடத்தில் விஜயகுமார் சேர்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். உங்கள் கடிதங்களை அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் ஒன்றாக. நிற்க முடியவில்லை. அவ்வளவு நீண்ட விமானப் பயணம் இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே முனியப்பனுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கட்டிலில் மரியபுஷ்பம் படுத்துக்கொள்ளட்டும். உங்கள் குறட்டையிலிருந்து அவளுக்கு இந்த வயதிலாவது விடுதலை கிடைக்கட்டும்.

நடந்தது என்னவென்றால், நவம்பரில் விஜயகுமாரிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். தனியாக விட முடியாது, யாராவது கூட இருப்பதாகச் சொன்னால் மார்ச்சில் டிக்கெட் போடுகிறேன் என்றான். நியாயம்தான். உங்களிடம் கேட்க வேண்டும். மஞ்சக்குட்டைப் பங்கை வேலுசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இனி இந்த மலை ஏற மாட்டேன் என்று பஸ் ஸ்டாண்டில் மார் தட்டியவன் நான். ஊட்டு விசயம் கூடாது என்று சட்டம் போட்டவனும் நான். நேராகக் கேட்டால் உங்களால் இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். பிடிக்காவிட்டாலும் சரி என்பீர்கள். அந்தச் சரியில் வந்து உட்கார எனக்கு மனம் இல்லை. அதனால் இல்லை என்று சொல்ல வசதியாக, நம் இருவருக்கும் தெரிந்த வழியில் கேட்டேன்.

உரை வந்தது. கதவு திறக்கக் கூடாது, ஐயம் இல்லை. சந்தேகப்படவே தோன்றவில்லை. நீங்களும் இதே வழியில் நாகரிகமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் சேர்ந்து உரை எழுதியவர்கள், ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கத் தெரியாமல் போனோம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்தால் இடுப்பு வலிக்கிறது.

இந்த இடத்தில் சன்னல் பெரியது. வெளியே கார்கள் நிற்கிற இடம். மரம் ஒன்று உண்டு, பெயர் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு நான் யார் என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். இது கவிதை இல்லை. டிசம்பரில் இதையே நேராக எழுதியிருந்தால், வா என்று சொல்லியிருப்பீர்களா? எனக்கு ஆறுதலுக்காக எழுத வேண்டாம். படுத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்ட விதத்தால் கெட்டதா, கேட்டிருந்தாலும் இதேதானா என்று தெரிந்தால் கொஞ்சம் தூங்குவேன். நீங்கள் முறையான ஆள். முறையாகச் சொல்லுங்கள்.

பிரபா


ஏற்காடு
29 மே 2025

அன்புள்ள பிரபா,

நீங்கள் கேட்டதற்கு, ‘உடனே வரச் சொல்லியிருப்பேன்’ என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு முகவரியும் எழுதிவிட்டேன். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. இன்று காலை கிழித்துவிட்டேன். ஆறுதல் வேண்டாம் என்று சொன்னீர்கள்.

டிசம்பர் கடைசியில் நேரான கடிதம் வந்திருந்தால், மரியபுஷ்பத்திடம் அன்றே சொல்லியிருக்க மாட்டேன். நானே வைத்துக்கொண்டு யோசித்திருப்பேன். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, மழையில் உங்களால் போய்வர முடியுமா. சர்க்கரைக்கு ஊசி போடுகிறீர்களே, இங்கே யார் போடுவது. திடீரென்று ஏதாவது ஆனால் சேலத்துக்குள் இறங்குவதற்கு இருபது வளைவு. நீங்கள் கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது, முழங்கால் வலியோடு மரியபுஷ்பம்தான் எழுந்திருக்க வேண்டும். உங்கள் மகன் என்ன நினைப்பான். வேலுசாமி என்ன நினைப்பார். கலா இல்லாத ஊரில் நீங்கள் எப்படி இருப்பீர்கள். இவற்றையெல்லாம் வரிசையாக எழுதி உங்களுக்கு அனுப்பியிருப்பேன். அதில் வாருங்கள் என்ற சொல் இருந்திருக்காது. வர வேண்டாம் என்றும் இருந்திருக்காது.

நீங்கள் என்னைக் கேலி செய்து பதில் எழுதியிருப்பீர்கள். அதன்பிறகுதான் மரியபுஷ்பத்திடம் காட்டியிருப்பேன். அவள் திட்டியிருப்பாள். அப்போதும் எனக்கு இன்னும் ஒன்று கேட்கத் தோன்றியிருக்கும். அடுத்த கடிதத்தில் அதைக் கேட்டுவிட்டு, கடைசியில் வாருங்கள் என்று எழுதியிருப்பேன். எழுதியிருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

அது உங்கள் கைக்கு வரும்போது மார்ச் மாதம் பிறந்திருக்கும். நீங்கள் விழுந்தது பிப்ரவரியில்.

ஆகவே கேட்ட விதத்தில் தவறில்லை. நீங்கள் தூங்கலாம்.

இதை மரியபுஷ்பத்திடம் காட்டாமல் ஒட்டுகிறேன். காட்டினால் அனுப்ப விடமாட்டாள்.

சிகாமணி